மேலே இருந்தது

ஸ்வான்சீ. ஏலக்கூடத்தின் பின்னறை.
மழை, மழை விட்டால் தூறல்.
நிறங்களுக்குப் பெயர் வைப்பது என் வேலை:
சிவப்பு, செம்பழுப்பு, பழுப்பு.
அதற்கு மேல் படிவத்தில் கட்டம் கிடையாது.

வருகிறவர்களோ
கத்தரிப்பூ நிறத்தில் ஒரு விக்டோரியாவை,
மயில்கழுத்து நிறத்தில் ஒரு ஜார்ஜை
கைக்குட்டையிலிருந்து அவிழ்க்கிறார்கள்.
"அபூர்வம்தானே?"

அடுப்புக்கு மேலே அலமாரி இருந்ததா என்று கேட்பேன்.
இருந்திருக்கும்.
அவித்த முட்டையின் ஆவி, பழைய காகித உறையின் கந்தகம்,
சட்டைப்பை வேர்வை.
சரியாகக் கலக்காமல் வார்த்த உலோகம்
தேக்குப் பலகைபோல் வரிவரியாய் ஓடும்.
ஒருவர் வினிகரில் ஊறவைத்துக் கொண்டுவந்தார்;
உரித்த கோழிபோல் இருந்தார் அரசர்.

நாற்பத்துநான்காம் வருடத்துப் பென்னி
பிறக்கும்போதே கறுப்பு.
பளபளத்தால் பதுக்கிவிடுவார்கள் என்று
நாணயச்சாலையே மருந்தில் முக்கி
முகத்தைக் கெடுத்து அனுப்பியது.

செம்போடு கூடவே பிறந்தது களிம்பு என்பார்கள்
நம் சித்தாந்திகள்.
என் தட்டைக் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை கெரைன்ட் டெவனால்ட் வந்தார்.
படகு எஞ்சின் பார்ப்பவர், விரலில் டீசல் வாசனை.
தீப்பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் பென்னி,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று.
விளிம்பெல்லாம் நீலக் கறுப்பு.
நடுவில், கொஞ்சம் தள்ளி,
அரசரின் காதையும் கழுத்தையும் சேர்த்து
நேற்று அடித்ததுபோல் சிவந்த ஒரு வட்டம்.
"அச்சுப்பிழையா? பிழை என்றால் விலை கூடுமாமே."

அளந்தேன்.
இருபது மில்லிமீட்டர், ஒரு மயிரிழை கூடக்குறைய.

"இதன்மேல் ஒரு ஃபார்த்திங் இருந்திருக்கிறது.
ரப்பர் பேண்ட் போட்டுச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.
வட்டத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
இந்தக் கரிப்பட்டை தெரிகிறதா, அதுதான்.
நாற்பது வருஷமாவது இருக்கும்."

"இது மட்டும்தான் இருந்தது."
ஜன்னலைப் பார்த்தார்.
"அப்பாவின் மேசையில். இது மட்டும்தான்."

மார்ச்சில் ஒரு பெண் வந்திருந்தாள்.
அதே நீள மோவாய், அதே
பதில் வருமுன் ஜன்னலைப் பார்க்கும் பழக்கம்.
கையில் ஒரு ஃபார்த்திங்:
ஒரு முகம் கறுப்பு, குறுக்கே பட்டை;
திருப்பினால் தணல்.
விற்க வரவில்லை.
இதற்கு அடியில் என்ன இருந்திருக்கும் என்று கேட்டாள்.
இதைவிடப் பெரிதாய் ஏதோ செம்பு,
அதற்கு மேல் சொல்ல முடியாது என்றேன்.
"எனக்குத் தெரியும்" என்றாள்.
கைப்பையின் ஜிப்பை மூடினாள்.

ஒரு வாடிக்கையாளரின் கதையை
இன்னொருவரிடம் சொல்லக்கூடாது; அது விதி.
விதியாக இல்லாவிட்டாலும்
எப்படித் தொடங்குவது?

"ஆறு பவுண்டு போகும்," என்றேன்.

தீப்பெட்டியை மூடினார், திறந்தார்.
"அந்த இன்னொன்றும் கூட வந்தால்?"

கேட்டதும் காது சிவந்தது அவருக்கு,
நாணயத்தில் எந்த இடமோ அதே இடம்.

"இரண்டும் சேர்ந்தாலும் ஆறுதான்.
எட்டு, ஏலத்தில் இரண்டு பேர் பிடிவாதக்காரராய் இருந்தால்."

"ஆறுக்கா" என்றார், என்னிடம் இல்லை.
பிறகு, ஒரே நிறமாகத் தேய்த்துவிட முடியுமா என்று கேட்டார்.
முடியும். செய்யாதீர்கள் என்றேன்.

பஞ்சில் திரும்ப வைக்குமுன்
வெறும் பெருவிரலை அந்தச் சிவப்பின்மேல் வைத்து
அழுத்தினார், மூடி போடுவதுபோல்.
நாணயத்தை விளிம்பில்தான் பிடிக்கவேண்டும்.
எல்லோரிடமும் முதலில் சொல்வது அதைத்தான்.
அன்று சொல்லவில்லை.

அவர் போனபின் அட்டையைப் பார்த்தேன்.
'செம்பழுப்பு' என்று எழுதியிருந்தேன், அடித்தேன்.
வெளியே தூறல், மீன் லாரி, அவர் குடை விரிக்கவில்லை.

இப்போது ஒன்றும் தெரியாது.
அக்டோபர் வாக்கில், எண்ணெயும் உப்பும் வேலை செய்தபின்,
தங்கையின் காசு இருந்த இடத்தில்
ரேகை ரேகையாய் எழும்பி வரும்
டெவனால்டின் கைநாட்டு.